காடும் கேமராவும்: கரடி எழுந்து நின்றபோது

வால்பாறை எஸ்டேட்டில், ‘லயன்’ என்று சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்து, இப்போது காட்டுயிர்ப் படங்கள் எடுத்துவரும் நம் பத்தியாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, போன மாதம் நானும் என் அக்கா மகனும் இருவாச்சிப் பறவையைப் படமெடுக்க உங்கள் ஊருக்கு வந்திருந்தோம். விடிந்தும் விடியாத நேரம். சத்தமே போடாமல் எஸ்டேட் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவு திரும்பினால், இருபது மீட்டர் தூரத்தில் தேயிலைக்குள்ளிருந்து கரடி வெளியே வருகிறது, கூடவே ஒரு குட்டி. எனக்குக் கால் நகரவில்லை. மருமகன் கேமராவைத் தூக்கிப் படமெடுக்க ஆரம்பித்துவிட்டான். கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தது. அப்புறம் இறங்கிப் பாதையைக் கடந்து போய்விட்டது. படங்களை இணைத்திருக்கிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனக்கோ இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. அது எங்களைத் தாக்கத்தான் எழுந்து நின்றதா? நாங்கள் செய்தது சரியா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாக்கப் போகிறது என்பதற்கு அது அடையாளம் இல்லை. கரடிக்குப் பார்வை அவ்வளவு கூர்மை கிடையாது, மூக்குதான் எல்லாம். எதிரே நிற்பது என்னவென்று பிடிபடாதபோது எழுந்து, தலையை உயர்த்தி, காற்றை மோந்து பார்க்கும். உங்கள் கரடியும் அதைத்தான் செய்தது. மனிதர் என்று தெரிந்ததும் விலகிப் போய்விட்டது.

ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. முதல் இரண்டில் கரடியின் முகமும் நெஞ்சிலுள்ள வெள்ளை வளைவும் நிறைந்திருக்கின்றன. மூன்றாவதில் மருமகன் ஜூமைப் பின்னுக்கு இழுத்திருக்கிறான். அதன் இடது ஓரத்தைப் பாருங்கள். பாதைக்கு மறுபக்கம், உங்களுக்கு இன்னும் கிட்டத்தில், தேயிலைத் தூருக்குக் கீழே கறுப்பாக ஓர் உருவம், வெளுத்த மூக்கோடு. அது இரண்டாவது குட்டி. கடிதத்தில் ஒரு குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. தாய்க்கு மட்டும் தெரிந்திருந்தது. அது அவ்வளவு நேரம் தயங்கி நின்றதற்குக் காரணம் அந்தக் குட்டியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கரடி பெரும்பாலும் இரண்டு குட்டி போடும். முதல் சில மாதங்கள் அவை தாயின் முதுகில் ஏறிக்கொண்டே திரியும். கொஞ்சம் வளர்ந்ததும் இறங்கி முன்னும் பின்னும் ஓடும். இரண்டு வயது வரைக்கும்கூடத் தாயோடு இருக்கும். ஆகவே ஒரு குட்டி கண்ணில் பட்டால் இன்னொன்று எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை. கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. நானூறு மி.மீ. லென்ஸ் கரடியின் மீசை மயிரைக்கூடக் காட்டும், இரண்டடி தள்ளி என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது. தூரத்தையும் மறைத்துவிடும். விலங்கு நெருங்கி வந்தாலும் ஜூமைத் திருப்பினால் போதும் என்றுதான் கை நினைக்கும். படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அதற்காகத்தான் நடக்கிறேன். எதிர்பாராமல் ஒரு விலங்கு முன்னால் வந்து நின்றால், கேமரா நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். அது எங்கே போக நினைக்கிறது, அந்த வழியில் நாம் நிற்கிறோமா, கூட யார் இருக்கிறது, நமக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வெறுங்கண்ணால் பாருங்கள். வழியை விட்ட பிறகும் அது நின்றால், அப்போது படமெடுங்கள்.

கரடி என்றால் இன்னும் சில விஷயங்கள் உண்டு. ஓடாதீர்கள். பார்க்கத்தான் மந்தம், மனிதரைவிட வேகமாக ஓடும். மரத்தில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள், அது உங்களைவிட நன்றாக ஏறும். இரண்டு பேரும் சேர்ந்து நின்று, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். மேலே வந்து மோதிவிட்டது என்றால் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பின்கழுத்தைக் கட்டிக்கொண்டு, அது போகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். கரடியிடம் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் காயம். எங்கள் லயனில் அப்படி அடிபட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறொன்று: ‘சத்தமே போடாமல் நடந்துகொண்டிருந்தோம்.’ என் அம்மா கொழுந்து பறித்தவர். காலையில் மலைக்கு ஏறும்போது அந்தப் பெண்கள் போடும் சத்தம் அடுத்த சரிவுக்குக் கேட்கும். வீட்டுச் சண்டை, சீட்டுப் பணம், கோயில் திருவிழா என்று எல்லாம் உரக்கத்தான். தேயிலை நிரைக்குள் இறங்குவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் கையைத் தட்டுவார், இல்லாவிட்டால் ஒரு குரல் கொடுப்பார். உள்ளே படுத்திருக்கும் கரடியோ சிறுத்தையோ எழுந்து போக அதுதான் அறிவிப்பு. படமெடுக்க வருகிறவர்கள் இதற்கு நேர் எதிராக நடக்கிறார்கள். பறவை கலையக்கூடாது என்று பூனைபோல் வந்து, தலை முட்டும் தூரத்தில் கரடியைத் திடுக்கிட வைத்துவிடுகிறார்கள். கரடி தாக்குவது பெரும்பாலும் அந்தத் திடுக்கிடலில்தான். பாதையில், அதுவும் வளைவுகளில், பேசிக்கொண்டே நடங்கள். படமெடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து உட்கார்ந்த பிறகு அமைதியாக இருங்கள். பத்து நிமிடத்தில் பறவைகள் உங்களை மறந்துவிடும்.

பலா பழுக்கும் காலத்தில் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் தேயிலைக்குள் நடக்கவே வேண்டாம். அந்த வாசனைக்குக் கரடியும் வரும், யானையும் வரும்.

கேள்வி: விலங்கு பக்கத்தில் இருக்கிறது என்பதை, அதைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? உள்ளூர் ஆட்கள் மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (கல்லூரி மாணவி, பொள்ளாச்சி)

பதில்: முடியும் கண்ணு. காதில் மாட்டியிருக்கும் பாட்டை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஆனைமலையில் காடர், மலசர் சமூகங்களைச் சேர்ந்த வனக் காவலர்கள் சிலரோடு நடந்திருக்கிறேன். அவர்கள் திடீரென்று நிற்பார்கள். ஏன் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார்கள். கருமந்திக் குரங்கு கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். கருமந்தி காலையில் வழக்கமாகப் போடும் சத்தம் மலையெங்கும் எதிரொலிக்கும் பெரிய ஹூங்காரம். பயந்தால் போடுவது வேறு, வெட்டி வெட்டி வரும் குரல். மலையணில் கடகடவென்று விடாமல் கத்துகிறதா, அது எந்தப் பக்கம் தலையை வைத்திருக்கிறது என்று பாருங்கள். கடமான் ஒரே ஒரு தடவை ‘டாங்க்’ என்று உரக்கக் கூப்பிட்டால் நின்றுவிடுங்கள். கேளையாடு என்கிற சின்ன மான், நாய் மாதிரி குரைக்கும், விட்டு விட்டு, ரொம்ப நேரம். பருந்தைப் பார்த்தும் அணில் கத்தும், ஆகவே ஒரு குரலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று விலங்குகள் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் அங்கே ஏதோ நடமாடுகிறது.

அடுத்தது தரை. கரையான் புற்று புதிதாகத் தோண்டப்பட்டு, மண் ஈரமாகச் சிவந்து கிடந்தால் கரடி வந்துபோய் அதிக நேரம் ஆகவில்லை. அதற்கு மேல்தாடையில் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் இரவில் நல்ல தூரத்துக்குக் கேட்கும். அதன் எச்சத்தில் நாவல், கொன்றை, உண்ணிச்செடி விதைகள் அப்படியே கிடக்கும். யானை லத்தியில் ஆவி பறந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காற்றையும் கவனிக்க வேண்டும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் எதிரே இருக்கும் விலங்குக்கு உங்கள் வாடை போய்ச் சேராது. படத்துக்கு அது நல்லதுதான், ஆனால் உங்களைத் தெரியாமலே அது நெருங்கிவிடும். ஓடைப் பக்கமும் அப்படித்தான். தண்ணீர்ச் சத்தத்தில் நீங்கள் வருவது அதற்குக் கேட்காது, அது கிளையை ஒடிப்பது உங்களுக்கும் கேட்காது. மூடுபனி இறங்கிய நேரத்தில் ஓடையோரப் பாதை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கோத்தகிரியில் ரிசார்ட் வாசலிலேயே காட்டுமாடு மேய்கிறது. பசு மாதிரி சாதுவாகத்தானே இருக்கிறது, பக்கத்தில் போய் எடுக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். நன்கு வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். உலகத்திலுள்ள காட்டு மாட்டினங்களிலேயே பெரியது அதுதான். ஊருக்குள் மேய்வதால் அது பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் உங்களைக் கவனித்துவிட்டது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் திமிலை உயர்த்தி, விறைப்பாக நின்றால் ‘நான் எவ்வளவு பெரியவன் பார்’ என்று காட்டுகிறது. அழகான படம் என்று எல்லோரும் நெருங்குவது அந்த நிமிடத்தில்தான். அது கடைசி எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மூக்கால் சீறினால் உடனே பின்வாங்குங்கள். தனியாகத் திரியும் கடாவிடம் கூடுதல் கவனம் தேவை. உங்களுக்கு ரிசார்ட்டின் மாடி இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி: வால்பாறையில் யானை வந்தால் போனுக்குத் தகவல் வரும் என்கிறார்களே, உண்மையா? அதை வைத்து யானையைத் தேடிப்போய்ப் படமெடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

எங்கள் ஊர் ஒரு மேட்டுநிலம். நடுவில் தேயிலையும் காப்பியும், சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால், இரவிக்குளம் காடுகள். யானைக்கு ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக எங்கள் தோட்டங்கள் வழியாகத்தான் பாதை. நடு ஆறு, சோலையாறு ஓரங்களில் மிச்சமிருக்கும் மரங்களைப் பிடித்துக்கொண்டு நடக்கும். தேயிலையை அது தின்னாது. பகலில் துண்டுச் சோலைகளில் ஒதுங்கி நின்றுவிட்டு இரவில் கடக்கும். இருட்டில் கடைசிப் பஸ்ஸில் வந்து இறங்கி லயனுக்கு நடந்த எங்கள் ஆட்கள் பலர், யானை நிற்பது தெரியாமல் அதன் மேலேயே போய் மோதித்தான் செத்தார்கள். அதைத் தடுக்கத்தான் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகளையும் வைத்தார்கள். யானை அந்தப் பக்கம் இருந்தால், ஊர்க்காரர் ஒருவர் தன் செல்போனிலிருந்தே விளக்கை எரிய வைப்பார். இந்த வேலைக்காக அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல், இயற்கைப் பாதுகாப்புக்குத் தரும் விட்லி விருது கிடைத்தது.

அந்தத் தகவல் எங்கள் ஆட்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்வதற்காக. சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஒதுங்கும்போது நீங்கள் நான்கு பேர் கேமராவோடு அந்தப் பக்கம் போனால், கலைந்த கூட்டம் எந்த லயனுக்குள் ஓடும்? நீங்கள் காரில் ஏறிப் போய்விடுவீர்கள், மிரண்ட யானையோடு அந்த ராத்திரியைக் கழிக்கப்போவது அங்கே குடியிருப்பவர்கள். தற்செயலாக எதிரே வந்துவிட்டால் காது, தும்பிக்கையை வைத்து அதன் மனசைப் படிக்க முயல வேண்டாம். பொய்யாக ஓடிவருகிறதா, நிஜமாகவா என்பது பாகன்களுக்கே பல நேரம் பிடிபடாது. நூறு மீட்டருக்குள் என்றால் நீங்கள் ஏற்கெனவே ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். அது எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகுங்கள்.

கேள்வி: இருவாச்சிக் கூடு ஒன்று இருக்கும் மரத்தை ஒருவர் காட்டினார். எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: அந்தக் கூட்டின் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். பெட்டை, பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் வாசலைத் தன் எச்சத்தாலும் பழக்கூழாலும் அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு பெரும்பாலும் ஆண் கொண்டுவரும் அத்திப்பழம்தான். ஆண் ரொம்பக் கூச்சமுள்ளது. கீழே ஆள் நின்றால் தூரத்து மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும், இல்லையென்றால் பழத்தை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். நீங்கள் நல்ல வெளிச்சத்துக்காக இரண்டு மணி நேரம் நின்றால் உள்ளே இரண்டு மணி நேரம் பட்டினி. உங்களுக்கு அடுத்து இன்னொரு குழு வரும். மரத்தைக் காட்டிய ஆள் பணம் வாங்கினாரா என்றும் யோசித்துப் பாருங்கள். வாங்கியிருந்தால் தினமும் குழு வரும்.

சட்டமும் இதைப் பார்க்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டுப் படத்துக்கு ஆசைப்பட வேண்டாம் என்பதுதான் என் பதில். பழுத்த அத்தி மரம் ஒன்றைத் தேடுங்கள். அதிலிருந்து நல்ல தூரம் தள்ளி உட்காருங்கள். இருவாச்சி மட்டுமல்ல, சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), மலையணில், பச்சைப்புறா, குக்குறுவான் எல்லாம் அங்கே வரும். முதல் சிறகடிப்பைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் பிடிக்கும், நீராவி எஞ்சின் கிளம்புகிற சத்தம் அது. கேட்ட பிறகு கேமராவைத் தூக்கினால் போதும்.

கேள்வி: மழைக்காலத்தில் தவளைகளை மேக்ரோ (மிகக் கிட்டத்தில் பெரிதாக்கி) எடுக்க இரவில் போகிறோம். என் முழங்கைக்கு அரை அடியில் ஒரு குழிவிரியன் இருந்ததை நண்பர்தான் பார்த்துச் சொன்னார். எப்படித் தப்பிப்பது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: குழிவிரியன் விரட்டாது, ஓடவும் செய்யாது. ஒரே கிளையில் மணிக்கணக்கில், ஏன், நாள்கணக்கில் இரைக்காகக் காத்திருக்கும். மலபார் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் இருப்பதால் பாசியோடு பாசியாகிவிடும். தவளைக்குக் குனிவதற்கு முன்னால் டார்ச்சை அடித்து, முழங்கை படும் இடம், முட்டி படும் இடம், தலைக்கு மேலுள்ள கிளை எல்லாவற்றையும் பாருங்கள். படத்துக்குக் குறுக்கே இருக்கும் இலையைக் கையால் ஒதுக்காதீர்கள். முட்டி வரைக்கும் பூட்ஸ் போடுங்கள். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் எடுக்காமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் நண்பர் செய்தது மாதிரி.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்காகத் தயாரிப்பது. குழிவிரியன் கடிக்கு அதை நம்பியிருக்க முடியாது. கடித்தால் கத்தியால் கீறாமல், கயிற்றால் கட்டாமல், கையை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வால்பாறையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்கோ அதைத் தாண்டியோ போக வேண்டும் என்பதையும் மனசில் வையுங்கள்.

கேள்வி: காட்டுயிர்ப் படத்துக்கு முதல் லென்ஸ் எது வாங்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 100–400 அல்லது 150–600 மி.மீ. ஜூம், செகண்ட் ஹேண்டில் போதும். மீதிப் பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். படமெடுப்பதற்கு முன்னால் அதில் பார்க்கப் பழகினால் விலங்கின் நடத்தை புரியும்.

கேள்வி: வால்பாறைப் பக்கத்திலுள்ள புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளைப் படமெடுத்தோம். பிஸ்கட் போட்டதும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன. படத்தைப் போடும்போது இடத்தின் பெயரைப் போடலாமா? சோலைக்குள் போய் எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? (வாசகி, சென்னை)

பதில்: பிஸ்கட்டை இனிமேல் போடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது, மரத்தின் மேலேயே வாழ வேண்டியது. ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் போடும் ஒரு பிஸ்கட் அதை மறுபடியும் தாருக்கு இறக்கிவிடுகிறது.

புதுத்தோட்டம் எல்லோருக்கும் தெரிந்த இடம், பெயரைப் போடுவதில் தவறில்லை. ஆனால் கூடு, பொந்து, தேவாங்கு, பாம்பு இவற்றின் இடத்தை எங்கும் போடாதீர்கள். செல்போனில் இருப்பிடத்தைப் பதியும் வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்துக்குள்ளேயே அந்த விவரம் போய்விடும். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம், எஸ்டேட் ஆபீஸில் கேட்க வேண்டும். சோலை, புலிகள் காப்பகத்துக்குள் இருந்தால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வால்பாறையில் வனச்சரக அலுவலகம் இருக்கிறது, வருவதற்கு முன்பே விசாரித்துவிட்டு வாருங்கள்.